மேற்குக் கைப்பிடிச் சுவர்

பிஸ்கட் கொஞ்சம் நமத்துப் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் மிஸ்டர் ஃபென்விக். பிப்ரவரியிலிருந்து இந்த வீட்டில் டப்பாவைச் சரியாக மூடி வைக்க ஆள் இல்லை. மியூரியல் இருந்தவரை அதெல்லாம் அவள் பொறுப்பு.

நீங்கள் கொடுத்த படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். கோபுரம் கட்டிய ஆண்டு 1868, சரி. கட்டியவர் ஜோசையா ஹாவர்கல், சரி. உயரம் எழுபத்திரண்டு அடி, அளந்தது நீங்கள், சரியாகத்தான் இருக்கும். மேற்குப் பக்கம் இடிந்த நாள் 1960 ஜூன் 12, சரி. இடிந்ததற்குக் காரணம், தோட்டக்காரர் பிரீஸ் ஐவிக் கொடியை அடியோடு வெட்டியது. அது ஒன்றுதான் தப்பு. பென்சிலில்தானே எழுதியிருக்கிறீர்கள், அழித்துவிடலாம்.

பிரீஸ் வெட்டவில்லை. நான் வெட்டினேன்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கொடியை வெட்டியதற்காக எழுபத்தேழு வயதுக் கிழவியை யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை. உங்கள் சங்கம் அந்தக் கோபுரத்தை மறுபடி எழுப்பி, வாசலில் ஒரு பலகை வைக்கப் போகிறது. பிரீஸின் மகள் லட்லோவில் இருக்கிறாள். அவள் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பலகையில் தன் அப்பா பெயரைப் படித்தால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் சொல்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஐவியை ஊரில் எல்லோரும் திட்டுவார்கள். சுவரைத் தின்றுவிடும், வெட்டிப் போடு என்பார்கள். நல்ல சுவருக்கு அது சரி. சுண்ணாம்புக் காரை முழுக்க உதிர்ந்துபோன சுவரின் கதை வேறு. எனக்கு அதைச் சொன்னவரே பிரீஸ்தான். 1958 செப்டம்பரில் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து, கோபுரத்தில் படர்ந்துள்ள கொடியை அகற்றவும் என்று ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பிரீஸ் காய்ந்த பீன்ஸ் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இத எழுதினவன் இங்க வந்து பாத்தானா மிஸ்?" என்று கேட்டார்.

"வரலை."

"அப்ப அவன் கெடக்கான், விடுங்க. மேக்குச் சுவத்துல காரை எங்க இருக்கு? உள்ள பூரா வேருதான். கல்லு கொடியத் தாங்கல மிஸ், கொடிதான் கல்லத் தாங்கிட்டு நிக்குது. அடிய வெட்டுனா வேரு செத்துச் சுருங்கிப் போகும். ரெண்டு பனிக்காலம் போதும். அப்புறம் மேல நின்னு யாராச்சும் பலமா தும்முனாலே போச்சு."

"ரெண்டா?" என்று கேட்டேன்.

"ரெண்டே ரெண்டு," என்றார். பாவம், நல்ல மனிதர். கடிதத்தை வாங்கி மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் அண்ணன் லயனல் முதல் தடவையாக மியூரியலை டீக்கு அழைத்து வந்திருந்தான். பல் வைத்தியரிடம் அவனுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள் அவள். ஒரு கடைவாய்ப் பல்லுக்காகப் பதினோரு தடவை போய் வந்தானே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவளுக்கு நாற்பத்து நான்கு. நல்ல உயரம், பெரிய பாதங்கள், எதற்கெடுத்தாலும் வீடே அதிரும்படி சிரிப்பு. அன்றைக்கு ஜாடியிலிருந்து ஜாமைத் தன் கரண்டியாலேயே வழித்து எடுத்தாள். லயனல் அதைப் பார்த்தும் சிரித்தான்.

லயனலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது. அன்று முதல் அவனுக்குச் சாப்பாடு, சட்டை, மருந்து எல்லாம் நான்தான். போரில் அவன் இத்தாலியில் கைதியாக இருந்து திரும்பியபோது எலும்பும் தோலுமாக வந்தான். கோழி ரசத்தைக் கரண்டி கரண்டியாக ஊட்டி ஒன்பது மாதத்தில் அவனை ஆளாக்கினேன். ஒரு உதவிப் பாதிரியார் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். லயனலை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முட்டை சரியாக நான்கு நிமிஷம் வெந்தால்தான் அவனுக்கு இறங்கும். மியூரியல் வேகவைத்துக் கொடுத்தது கல் மாதிரி இருந்தது. ருசியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான்.

அந்த மாதக் கடைசியில், பீர் காய்ச்ச உதவும் ஹாப்ஸ் பூ பறிக்க ஊரே போய்விட்டது. பிரீஸும் பத்து நாள் போனார். நான் கை ரம்பத்தை எடுத்துக்கொண்டு மேற்குச் சுவரடிக்குப் போனேன். தண்டு என் தொடை கனம் இருந்தது. மூன்று நாள் காலையில், காலை உணவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அறுத்தேன். கையில் கொப்புளம் வந்தது. ரோஜாச் செடியை வெட்டினேன் என்று சொன்னதும் லயனல் மருந்து போட்டுக் கட்டிவிட்டான்.

பிரீஸ் திரும்பி வந்து பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "யாரு மிஸ் இதச் செஞ்சது?" என்றார். "உங்க முதலாளிதான். அவருக்கே இப்ப வருத்தம். நீங்க எதுவும் கேட்டுடாதீங்க," என்றேன். லயனலிடம், கடிதத்தைப் பார்த்துப் பிரீஸ் வெட்டிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே என்றேன். அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? அடுத்தவர் மனம் நோகும் என்று தெரிந்தால் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். தினமும் காலையில் இருவரும் வெயிலைப் பற்றியும் நத்தைகளைப் பற்றியும் பேசினார்கள். பழுத்து உதிரும் அந்தக் கொடிக்குக் கீழேயே நின்று பேசினார்கள். கொடியைப் பற்றி மட்டும், சாகிறவரை, ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் மேற்குப் பக்கம் என்று கேட்பீர்கள். எங்கள் வழக்கம் உங்கள் படிவத்தில் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஜோசையா ஹாவர்கல் வூஸ்டரில் கையுறை செய்து விற்றுப் பெரிய ஆளானவர். பெரிய ஆளானதும் எல்லோரையும் போல ஒரு கோபுரம் கட்டினார். அதில் மணி இல்லை, கடிகாரம் இல்லை, குடியிருக்க இடமும் இல்லை. நூற்றுப் பதினெட்டுப் படி ஏறினால் மொட்டை மாடி, சுற்றிலும் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். ஊரில் அதற்கு ஹாவர்கலின் வெட்டிக் கோபுரம் என்று பெயர். அந்தக் கேலி பொறுக்காமல் கிழவர் அதற்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார். இந்த வீட்டுக்கு வரும் மணப்பெண், சர்ச்சில் மூன்றாவது கல்யாண அறிவிப்பு வாசித்த ஞாயிற்றுக்கிழமை, தனியாக மேலே ஏற வேண்டும். மேற்குப் புல்வெளியில் வீட்டுப் பெண் ஒருத்தி வெள்ளைக் குடையோடு நிற்பாள். அவள் குடையைத் தூக்கினால், மணப்பெண் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து ஒரு கையுறையைக் கீழே போடுவாள். கீழே இருப்பவள் எடுத்து மாட்டிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். குடையைத் தூக்குகிறவரை மேலே இருப்பவள் காத்திருக்கத்தான் வேண்டும். என் அத்தை என் அம்மாவை முக்கால் மணி நேரம் தூறலில் நிற்க வைத்தாளாம்.

அம்மாவுக்குப் பிறகு மணப்பெண் யாரும் வரவில்லை. ஐம்பத்தேழு வருஷம் கோபுரம் சும்மா நின்றது. வௌவால்களும் ஐவியும்தான் அதை ஆண்டன.

மியூரியலின் தாயார் படுக்கையில் கிடந்ததால் கல்யாணம் தள்ளிப் போனது. இரண்டு பனிக்காலம் தள்ளிப் போனது. அதில் என் கை எதுவும் இல்லை. 1960 வசந்தத்தில் அந்த அம்மாள் போனார், ஜூனில் கல்யாணம் என்று முடிவானது. ஒரு நாள் காலை உணவின்போது லயனல் பேச்சை ஆரம்பித்தான்.

"லெட்டி, கேட் பக்கத்துல இருக்கற சின்ன வீட்டச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கேன். உனக்குத்தான். புது அடுப்பு வெச்சுத் தரேன், குளிரே தெரியாது."

"நான் எதுக்கு அங்க போகணும்?"

"மியூரியலுக்குன்னு ஒரு வீடு வேணும் இல்லையா? நீ இங்கயே இருந்தா அவ விருந்தாளியாவே இருப்பா. எண்ணி முந்நூறு அடி தூரம்டி. தினம் வந்து பாப்பேன்."

நான் அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. முப்பத்து நான்கு வருஷம் அவனுக்காக இருந்த வீட்டிலிருந்து, அடுப்பு வைத்துக் கொடுத்து வெளியே அனுப்பினான். அன்பாகத்தான் சொன்னான். அவனுக்குக் கோபமாகப் பேசவே தெரியாது.

"வழக்கப்படி கையுறை போடணும். அதையாவது விட்டுடாதீங்க," என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு நிம்மதி. மறுப்பு எதுவும் இல்லாமல் நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைத்து, எழுந்து வந்து என் உச்சியில் முத்தமிட்டான்.

ஏப்ரலில் ஒரு நாள் நான் மட்டும் மேலே ஏறிப் பார்த்தேன். மேற்குக் கைப்பிடிச் சுவரைக் குடை நுனியால் மெல்லத் தள்ளினேன். விழப் போகிற பால் பல் போல ஒரு கல் ஆடியது. இறங்கி வந்து கல்யாணக் கேக்குக்குச் சொல்லியனுப்பினேன்.

ஜூன் மாதம் பிரீஸ் ஒரே ஒரு தடவை என்னிடம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டு நின்றார். "மேல ஏறப் போறாங்களாமே மிஸ். மேக்குப் பக்கம் மட்டும் வேணாம்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா, கொடிய வெட்டினத குத்திக் காட்டற மாதிரி ஆயிடும்." சொல்கிறேன் என்றேன். விசாரணையில் அவர் இதைச் சொன்னபோது எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். கொடியை வெட்டியது முதலாளிதான் என்று அவர் சொன்னார். செத்தவன் மேல் பழி போடுகிறான் பார் என்று கூடத்தில் முணுமுணுத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் என் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு மகளிடம் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். உங்கள் டீ ஆறுகிறது, குடியுங்கள்.

நல்ல வெயில். வீட்டுப் பக்கம், செர்ரி மரத்தடியில் மேசை போட்டிருந்தோம். பாதிரியார், அவர் மனைவி, மியூரியலின் தோழிகள் இரண்டு பேர், அவ்வளவுதான் கூட்டம். வெள்ளரிக்காய் சாண்ட்விச் வைத்தேன். மேசை விரிப்பின் நுனியில் கல் வைக்க வேண்டுமா என்று பாதிரியாரின் மனைவி கேட்டாள், வேண்டியிருக்காது என்றேன். மியூரியல் நீல உடையும், செர்ரிப் பழங்கள் தைத்த அகலமான வைக்கோல் தொப்பியும் அணிந்திருந்தாள். சகிக்கவில்லை. லயனல் அவளைக் கோபுர வாசல்வரை கூட்டிக்கொண்டு போனான். வாசல் கிழக்குப் பக்கம், புல்வெளியிலிருந்து தெரியாது. நான் குடையை எடுத்துக்கொண்டு, வழக்கமாக நிற்கும் கல்லுக்குப் போய்த் தனியாக நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே செர்ரித் தொப்பி தெரிந்தது. தோழிகள் தூரத்திலிருந்து கை தட்டினார்கள். மேலிருந்து ஏதோ குரல் கேட்டதாகப் பாதிரியாரின் மனைவி விசாரணையில் சொன்னாள். காற்று, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். அதுவும் பதிவில் இருக்கிறது. குடையைத் தூக்கினேன். தொப்பி குனிந்தது. சுவர் சத்தமே இல்லாமல் வெளியே சாய்ந்தது, சத்தம் அப்புறம்தான் வந்தது. மூன்றில் ஒரு பங்குக் கோபுரம் புல்வெளிக்கு வந்துவிட்டது. நான் நின்ற கல் வரைக்கும் வரவில்லை. ஜோசையா தூரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.

தூசு அடங்குவதற்குள் கிழக்குப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். தலையில் தொப்பி இல்லை, கையில் செருப்பு. மியூரியல். பன்னிரண்டாம் படியிலேயே அவளுக்குத் தலை சுற்றிவிட்டதாம். இதென்ன பெரிய விஷயம், உன் தொப்பியைக் கொடு, கீழே இருப்பவர்களுக்கு வித்தியாசமா தெரியப் போகிறது என்று சிரித்துவிட்டு, தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு லயனல் படியேறினானாம்.

இப்போது உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். மியூரியலுக்கு வைத்தது லயனலுக்கு விழுந்தது. தொப்பியால் வந்த தவறு. இருபத்து நான்கு வருஷமாக நான் இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒரு கொலைகாரிக்குக்கூட இது ஒரு மாதிரியான ஆறுதல் மிஸ்டர் ஃபென்விக். கடவுள் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நான் அழலாம். அழுதேன்.

பிறகு நான் சாப்பிடவில்லை. எழுந்திருக்கவில்லை. மியூரியல் ஒரு வாரம் பார்த்துக்கொள்ள வந்தாள், வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தானே போனான் என்றாள். கரண்டி கரண்டியாக எனக்கு ரசம் ஊட்டியவள் அவள். அந்தக் கல் முட்டையை நான் இருபத்து மூன்று வருஷம் தின்றேன். சிரிப்பு மட்டும் அவளிடமிருந்து போய்விட்டது. ஒரு தடவையாவது அந்தப் பெரிய சிரிப்பைச் சிரிக்கமாட்டாளா என்று நானே ஏங்கியிருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் பன்னிரண்டும் இடிந்த கற்களின் மேல் பூ வைத்துவிட்டு வந்து, அந்த நாற்காலியில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள். "நான் ஏறியிருக்கணும் லெட்டி. பயப்படாம நான் ஏறியிருந்தா அவர் இருந்திருப்பாரு." நான் அவள் கையைத் தட்டிக் கொடுப்பேன். "விடு மியூரியல், பழைய கதை," என்பேன்.

பிப்ரவரியில், ஆஸ்பத்திரியில், கடைசியாகவும் அதையேதான் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒரு தடவகூட என்னத் திட்டலையே லெட்டி," என்றாள். நானும் பழைய கதை என்றேன். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். நோயாளியைக் கலவரப்படுத்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அந்தக் கீழ் டிராயரைத் திறந்து பாருங்கள். மேலே துணி இருக்கும், விலக்குங்கள். ஆமாம், அதுதான் அன்று விழுந்த கையுறை. கல் விழுவதற்கு முன்னால் விழுந்தது. பெண்கள் போடுகிற வெள்ளைக் கையுறை இல்லை, பாருங்கள். பழுப்புத் தோல், ஆண்பிள்ளைக் கையுறை. மியூரியலிடம் வாங்கிக்கொள்ள மறந்துவிட்டுத் தன்னுடையதைக் கொண்டுபோயிருக்கிறான். கட்டைவிரல் பக்கத்துத் தையல் என் கையால் போட்டது. மேலே நின்று அதைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தான்.

விழுந்த இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், படிவத்துக்கு உதவும். சுவரடியில், நேர் கீழே, ஒரு அடிகூட விலகாமல் விழுந்தது. எடுக்க நான்தான் போனேன், கற்களுக்கு நடுவில். எழுபத்திரண்டு அடி உயரத்திலிருந்து ஒரு கையுறை நேராக விழ வேண்டுமென்றால் காற்று எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்று இல்லை. ஒரு இலை ஆடவில்லை. அவன் பேசியது பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் என்னைச் சிரிக்க வைக்க ஒரு நாளாவது அவன் தலையில் எதையாவது மாட்டிக்கொண்டு நின்றிருப்பானா என்று நான் அண்ணாந்து பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவனுக்கு வெயில் தாங்கவில்லை.

"லெட்டி, நான்தான்டி," என்றான். "குடையத் தூக்கு சீக்கிரம், இந்தத் தொப்பி கடிக்குது."

நான் குடையைத் தூக்கினேன்.